துப்பாக்கி லைசென்ஸ்: முதலில் விசா, பிறகு வீடு, அப்புறம்தான் மாநிலம்

வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் கன்சீல்டு கேரி லைசென்ஸ் பற்றிக் கேட்டிருந்தவற்றில், குடியிருப்பு விதி இடறுகிற கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச்செல்ல அனுமதி தருவது மாநிலங்கள். யார் துப்பாக்கியைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற அடிப்படைத் தடைகளை விதிப்பது ஃபெடரல் சட்டம். கட்டணமும் படிவமும் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த அலுவலகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒன்பது வருடமாக எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஐ-140 ஒப்புதலாகிவிட்டது, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். சொந்த வீடு இருக்கிறது, வழக்கு எதுவும் இல்லை. ஒரு பிஸ்டல் வாங்கி, கேரி பெர்மிட்டும் எடுக்கலாமா?
- வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: இப்போது இருக்கிற நிலையில் முடியாது. எத்தனை வருடம் இருந்தாலும், வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும், எச்-1பி தற்காலிக விசாதான். எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 எல்லாம் அதே வகை. தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்கிறது ஃபெடரல் சட்டத்தின் 922(ஜி)(5) பிரிவு. கவனியுங்கள், தடை வாங்குவதற்கு மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதற்கும்தான். மேசை டிராயரில் கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் கணக்கில் வரும். அதிகபட்சத் தண்டனை முன்பு 10 வருடமாக இருந்தது; 2022-ல் அதை 15 ஆக்கினார்கள்.

"சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். அதுவும் வைத்திருப்பதுதான். 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கின் பின்னணியே அதுதான்: மாணவர் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, அதனால் சட்டப்படியான அந்தஸ்தை இழந்த ஒருவர் புளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். தடை செய்யப்பட்ட வகையில் தான் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ரேஞ்சில் சுடுவது பரவாயில்லை என்று அது சொல்லவில்லை. தவிர, இந்தப் பதிலைப் படித்துவிட்ட நீங்கள் இனி தெரியாது என்று சொல்லவும் முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடை விலகும். வழக்கமாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துத்தான் அதை எடுக்க முடியும். துப்பாக்கி வாங்கும்போது டீலரிடம் நிரப்பும் 4473 படிவத்தில் தற்காலிக விசா என்பதற்கும் 'ஆம்', விதிவிலக்கு பொருந்துகிறதா என்பதற்கும் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். அதற்கான ஆவணத்தை டீலர் படிவத்தோடு சேர்த்து வைப்பார். சறுக்குவது இதற்குப் பிறகுதான். வேட்டை லைசென்ஸுக்கு முடிவுத் தேதி உண்டு. அதைப் புதுப்பிக்க மறந்த மறுநாள் காலை, வீட்டில் பூட்டி வைத்த அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். அப்படியே வாங்கினாலும் கேரி பெர்மிட் வேறு விஷயம். வட கரோலினாவில் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு பெற்ற நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். விண்ணப்பத்துக்கு முந்தைய 30 நாளாவது அந்த மாநிலத்தில் வசித்திருக்கவும் வேண்டும். வேட்டை லைசென்ஸைக் காட்டி ஷெரிஃப் அலுவலகத்தில் அதை வாங்க முடியாது.

கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போட்டு, வேலை அனுமதி அட்டை கைக்கு வந்தவர்களும் அவசரப்பட வேண்டாம். அந்த அட்டை கிரீன் கார்டு அல்ல.

கேள்வி: மகள் இங்கேயே பிறந்தவள், 22 வயது. வேலைக்குப் போகிறாள், எங்களோடுதான் இருக்கிறாள். நானும் மனைவியும் இன்னும் எச்-1பி, எச்-4. அவள் சட்டப்படி ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக் கேரி லைசென்ஸ் எடுக்கப்போகிறாள். எங்களுக்குச் சிக்கல் வருமா?
- வாசகர், ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

பதில்: அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது வேண்டும், அது ஆகிவிட்டது. சிக்கல் உங்கள் பக்கம்தான். துப்பாக்கி உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து, நினைத்தால் எடுக்கவும் முடியும் என்றால் அது உங்கள் வசம் இருப்பதாகவே நீதிமன்றம் கொள்ள இடமுண்டு. அதனால் துப்பாக்கிப் பெட்டியின் எண் மகளுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். "அவசரத்துக்கு இருக்கட்டுமே" என்று அப்பாவிடமும் சொல்லி வைப்பதுதான் வழக்கமான தவறு. கைரேகையில் திறக்கும் பெட்டி என்றால் அவளுடைய விரலை மட்டும் பதிவு செய்யுங்கள். தோட்டாவும் அதே பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். கராஜ் அலமாரியில் அல்ல.

அதைவிட அதிகமாகக் கோட்டை விடுவது காரில். மகள் இரவு ஓட்டிவந்த காரின் நடுப்பெட்டிக்குள் துப்பாக்கியை விட்டுவிட்டுத் தூங்கப் போகிறாள். காலையில் அதே காரை நீங்கள் ஆபீசுக்கு எடுத்துப்போகிறீர்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால், காரில் இருக்கும் துப்பாக்கி யாருடையது என்ற கேள்வியைவிட அப்போது அது யாரிடம் இருந்தது என்ற கேள்விதான் முன்னால் வரும். அவள் காரை நீங்கள் ஓட்டாமல் இருப்பது நல்லது. முடியாதென்றால், வண்டியை விட்டு இறங்கும்போதே துப்பாக்கியும் வீட்டுப் பெட்டிக்குப் போய்விட வேண்டும்.

பணம் அவளுடையதாகவே இருக்கட்டும். உங்களுக்காக அவள் பெயரில் வாங்கினால் அது பினாமிக் கொள்முதல். 2022 முதல் அதற்கென்றே தனிக் குற்றப்பிரிவு இருக்கிறது; அதிலும் 15 வருடம் வரை சிறை உண்டு, அதுவும் மகளுக்கு.

கேள்வி: பிளேனோவிலிருந்து டிராய் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கிரீன் கார்டு இருக்கிறது, டெக்ஸாஸின் கேரி லைசென்ஸான எல்டிசி-யும் இருக்கிறது. மிச்சிகனில் ஆறு மாதம் இருந்தால்தான் லைசென்ஸ் என்கிறார்கள். அதுவரை டெக்ஸாஸ் லைசென்ஸை வைத்துச் சமாளிக்கலாமா?
- வாசகி, டிராய், மிச்சிகன்

பதில்: சமாளிக்க முடியாது, ஆனால் ஆறு மாதம் காத்திருக்கவும் தேவையில்லை. மிச்சிகன் வெளி மாநில லைசென்ஸை ஏற்பது, அதை வைத்திருப்பவர் லைசென்ஸ் கொடுத்த மாநிலத்திலேயே வசிப்பவராக இருந்தால் மட்டும்தான். நீங்கள் இப்போது டெக்ஸாஸ்காரர் அல்ல. மிச்சிகன் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டால் அதில் வாதாடவும் இடமில்லை. டெக்ஸாஸ் லைசென்ஸ் செத்துவிடவில்லை. அது டெக்ஸாஸில் செல்லும். முகவரி மாறியதை 30 நாளுக்குள் அங்குள்ள பொதுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். மிச்சிகன் சாலையில் மட்டும் அது உங்களைக் காப்பாற்றாது.

ஆறு மாத விதி உண்மைதான். ஆனால் மிச்சிகனில் குடியேறும்போதே வேறு மாநிலத்தின் செல்லுபடியாகும் கேரி லைசென்ஸ் வைத்திருந்தவருக்கு அது தளர்த்தப்படும். ஆக டெக்ஸாஸ் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கவுண்டி கிளார்க்கிடம் காட்ட வேண்டிய முக்கிய ஆவணமே அதுதான்.

போக வேண்டிய வரிசை இது. முதலில் மிச்சிகன் டிரைவிங் லைசென்ஸ் அல்லது மாநில அடையாள அட்டை, புது முகவரியோடு. இந்தச் சட்டத்தின்படி நீங்கள் மாநிலவாசி என்பதற்கு அதுவே சான்று. வாக்காளர் பதிவும் சான்றாகும் என்று சட்டம் சொல்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் அந்தப் பக்கமே போகக்கூடாது. குடிமகன் அல்லாதவர் வாக்காளராகப் பதிந்தால், துப்பாக்கி லைசென்ஸ் கிடக்கட்டும், கிரீன் கார்டே போய்விடும்.

அடுத்து வகுப்பு. குறைந்தது 8 மணி நேரம். அதில் 3 மணி நேரம் ரேஞ்சில், 30 தோட்டாவாவது சுட்டிருக்க வேண்டும். டெக்ஸாஸில் முடித்த வகுப்பின் சான்றிதழ் பொதுவாக எடுபடுவதில்லை. காரணம், மிச்சிகன் சட்டப் பிரிவின்படி நடந்த வகுப்பு என்று சான்றிதழிலேயே இருக்க வேண்டும். வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் மாதிரிச் சான்றிதழ் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கவுண்டி கிளார்க் அலுவலகம்: விண்ணப்பத்துக்கு 100 டாலர், கைரேகைக்கு 15. உங்களுக்கு அது ஓக்லண்ட் கவுண்டி. கைரேகை கொடுத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 45 நாளில் லைசென்ஸும் வராமல், மறுப்புக் கடிதமும் வராமல் இருந்தால், அடையாள அட்டையோடு சேர்த்து அந்த ரசீதே தற்காலிக லைசென்ஸாகும். இது பலருக்குத் தெரிவதில்லை.

அதுவரை காரில் எடுத்துப்போவது ரேஞ்ச் போன்ற சட்டப்படியான வேலைக்கு மட்டும். தோட்டா நீக்கி, துப்பாக்கிக்கென்று செய்த மூடிய பெட்டியில், டிக்கிக்குள். டெக்ஸாஸிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியின் பதிவு விவரத்தையும் உள்ளூர் போலீஸில் கேட்டு முடித்துவிடுங்கள்.

டெக்ஸாஸ் பழக்கத்தில் மாற்ற வேண்டியது இன்னொன்று. அங்கே போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்கும்போது இரண்டு அட்டையையும் சேர்த்துக் காட்டினால் போதும். மிச்சிகனில் கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது. நிறுத்திய உடனேயே, லைசென்ஸ் இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது என்று நீங்களே சொல்ல வேண்டும். தவறினால் முதல் முறைக்கே 500 டாலர் அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம்.

கேள்வி: எடிசனில் வீடு, டாம்பாவில் ஒரு அபார்ட்மென்ட். டிசம்பரிலிருந்து மார்ச் வரை டாம்பா. நான் எந்த மாநிலத்துக்காரன்? எங்கே வாங்குவது, எங்கே லைசென்ஸ் எடுப்பது? காரில் கொண்டுபோய் வரலாமா?
- ஓய்வுபெற்ற வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: வாங்கும் விஷயத்தில் ஃபெடரல் விதி தெளிவாக இருக்கிறது. வீடாக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு எந்த மாநிலத்தில் இருக்கிறீர்களோ, அந்த மாநிலவாசி நீங்கள். இரண்டு இடத்திலும் வீடு நடத்துகிறவர், எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்தக் காலத்துக்கு அந்த மாநிலவாசி. எனவே ஜனவரியில் டாம்பாவில் இருக்கும்போது புளோரிடா டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்கலாம். டிஸ்னி பார்க்க ஒரு வாரம் போகிறவர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அபார்ட்மென்டை வாடகைக்கு விட்டுவிட்டு எடிசனிலேயே இருப்பவரும்தான்.

ஆவணம்தான் சோதிக்கும். படத்தோடு கூடிய அடையாள அட்டையில் நியூஜெர்சி முகவரி இருந்தால், புளோரிடா முகவரியைக் காட்டும் இன்னொரு அரசு ஆவணம் வேண்டும். வாகனப் பதிவு, சொத்துவரி ரசீது போன்றவை. தனியார் கரன்ட் பில், செல்போன் பில் எடுபடாது. தபால் பெட்டி எண் முகவரியே ஆகாது. சில டீலர்கள் இந்த ஏற்பாட்டைப் பார்த்ததுமே கையை விரித்துவிடுவார்கள். அது அவர்கள் உரிமை. வேறு கடைக்குப் போங்கள்.

எங்கள் அபிப்பிராயம்: எடிசனுக்குக் கொண்டுவரும் எண்ணம் துளியாவது இருந்தால் புளோரிடாவில் வாங்க வேண்டாம். நியூஜெர்சி ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன்கூட்டியே கொள்முதல் பெர்மிட் கேட்கிற மாநிலம். அங்கேயே பெர்மிட் எடுத்து, அங்கேயே டீலரிடம் வாங்கி, டாம்பாவுக்குக் கொண்டுபோவதில் விளக்கம் சொல்ல வேண்டிய இடங்கள் குறைவு.

லைசென்ஸுக்கு வருவோம். புளோரிடாவில் அதைத் தருவது விவசாயத் துறை. ஆமாம், விவசாயத் துறைதான். வெளி மாநிலத்தவருக்கும் தருகிறார்கள். புதிதாக எடுக்க 97 டாலர், 7 வருடம் செல்லும். அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவராக இருக்க வேண்டும். பின்னவர் அட்டையின் நகலை இணைக்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் புளோரிடாவில் லைசென்ஸ் இல்லாமலே மறைத்து எடுத்துச்செல்லலாம் என்றாலும், லைசென்ஸுக்கான மற்றத் தகுதிகள் இருக்க வேண்டும்.

நியூஜெர்சி எந்த வெளி மாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை. ஆகவே எடிசன் தெருவில் நடக்க நியூஜெர்சி கேரி பெர்மிட்டே வேண்டும். உள்ளூர் போலீஸ் தலைமை அதிகாரியிடம் விண்ணப்பம், உறவினர் அல்லாத, உங்களைக் குறைந்தது மூன்று வருடமாகத் தெரிந்த நான்கு பேரின் பரிந்துரை, பயிற்சிச் சான்று, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் இதே படலம். பரிந்துரை சொல்பவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். அழைப்பை எடுக்காத நண்பரால் விண்ணப்பம் வாரக்கணக்கில் தூங்கும். நுனி குழிந்த தோட்டா, அதாவது ஹாலோ பாயின்ட், புளோரிடாவில் சர்வ சாதாரணம்; நியூஜெர்சியில் அதை வீட்டில் வைக்கலாம், ரேஞ்சுக்குக் கொண்டுபோகலாம், பெர்மிட் இருந்தாலும் தெருவில் சுமக்கக்கூடாது. டாம்பாவில் நிரப்பிய மேகசினை, அதாவது தோட்டாக் கூட்டை, அப்படியே பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

கார்ப் பயணம்: இரண்டு முனையிலும் நீங்கள் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், இடையில் உள்ள மாநிலங்களைக் கடக்க 1986-ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தோட்டா நீக்கியிருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் உட்காருமிடத்திலிருந்து கைக்கு எட்டக்கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி வேண்டும்; முன்பக்க கிளவ் பாக்ஸும் நடுப்பெட்டியும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. மேரிலாந்தும் வெளி மாநில லைசென்ஸை ஏற்காத மாநிலம் என்பதால் பால்டிமோர் தாண்டும்வரை இதில் சலுகையே எதிர்பார்க்காதீர்கள்.

விமானம் என்றால் கடினமான, பூட்டிய பெட்டியில், தோட்டா நீக்கி, செக்-இன் மேசையில் சொல்லிப் போட வேண்டும். இதை எல்லாம் சரியாகச் செய்த யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் 2005-ல் நெவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் ஒரு இரவு தங்கி, மறுநாள் காலை செக்-இன் மேசையில் அவராகவே துப்பாக்கியைப் பற்றிச் சொன்னார், கைது செய்தார்கள். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டாலும், அவர் தொடுத்த ரெவெல் வழக்கில் 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றே சொன்னது. நெவார்க்கில் இரவு தங்க நேர்ந்தால் பெட்டியை விமான நிறுவனத்திடமிருந்து வாங்காதீர்கள்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர். விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிட்டார்கள். கிரீன் கார்டில் அப்பா பெயரும் சேர்ந்துவிட்டது. டீலரிடம் போனால் பின்னணிச் சோதனையில் ஒவ்வொரு தடவையும் 'டிலே' (தாமதம்) வருகிறது.
- வாசகர், ஷாம்பர்க், இல்லினாய்ஸ்

பதில்: இனிஷியல் போட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது வாடிக்கையான தொல்லை. குடிமகன் அல்லாதவர் என்றால் பின்னணிச் சோதனையில் குடிவரவுத் தரவையும் ஒத்துப்பார்க்கிறார்கள். அங்கே ஒரு பெயர், ஓட்டுநர் உரிமத்தில் ஒரு பெயர் என்றால் இயந்திரம் திகைத்து நிற்கும். முதல் வேலை, கிரீன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், உங்கள் மாநிலத்தின் துப்பாக்கி உரிமையாளர் அட்டையான ஃபாய்டு அட்டை மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயராக்குவது. பிறகுதான் கேரி லைசென்ஸ் விண்ணப்பம். அதில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் எஃப்என்யூ வடிவம் உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைத்ததாகத் தோன்றுவதைவிட அதிகமாக எழுதியதாகத் தோன்றுவது மேல்.

4473 படிவத்தில் சட்டப்படியான பெயரிலேயே வெறும் எழுத்துதான் இருக்கிறது என்றால், அந்த எழுத்துக்குப் பக்கத்தில் 'ஐஓ' என்று எழுத வேண்டும். நடுப்பெயர் இல்லையென்றால் 'என்எம்என்'. நாமாக இனிஷியலை விரித்து எழுதக்கூடாது. கிரீன் கார்டில் உள்ள குடிவரவு எண்ணான ஏ-எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். இதற்கு மேலும் டிலே வந்தால் எஃப்பிஐ-யிடம் விண்ணப்பித்து 'யுபின்' என்ற தனி அடையாள எண் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை படிவத்தில் அதைக் குறிப்பிட்டால் போதும்.

கேள்வி: டெக்ஸாஸில் 2021 முதல் லைசென்ஸே வேண்டாம். பிறகு எதற்கு 40 டாலரும் ஒரு நாள் விடுமுறையும்?
- கிரீன் கார்டு வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்ஸாஸ்

பதில்: பள்ளிக்கூடத்துக்காக. ஃபெடரல் சட்டப்படி பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் சுமப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. ஃபிரிஸ்கோவில் 1,000 அடிக்கு வெளியிலேயே கார் ஓட்டி வீடு சேர முடியுமா என்று வரைபடத்தைப் பாருங்கள். வெளி மாநில லைசென்ஸ் உங்கள் மாநிலத்தில் ஏற்கப்பட்டாலும் இந்த விலக்குக்கு உதவாது என்பதுதான் ஃபெடரல் துப்பாக்கித் துறையான ஏடிஎஃப் கொண்டிருக்கும் விளக்கம். வசிக்கும் மாநிலத்திலேயே லைசென்ஸ் எடுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இது. 2024-ல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்து, லைசென்ஸ் வேண்டாத மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. இந்தக் காரணம் அத்தனைக்கும் பொருந்தும்.

அடுத்தது வாசல் பலகைகள். 30.05 என்ற பலகை லைசென்ஸ் இல்லாதவரைத் தடுக்கும், 30.06 பலகை லைசென்ஸோடு மறைத்துச் சுமப்பவரைத் தடுக்கும்; 30.07 வெளிப்படையாகச் சுமப்பவரை. கோயிலாக இருந்தாலும் அங்கே இப்படி அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே போக வேண்டும். வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வரும் பார்களின் சிவப்பு 51 சதவிகிதப் பலகை எல்லாருக்கும் தடை, அதை மீறுவது கடுங்குற்றம்.

வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். பாடப் பகுதியை இணையத்திலும் முடிக்கலாம். சுடும் தேர்வில் 50 தோட்டா: 3 யார்டில் 20, 7 யார்டில் 20, 15 யார்டில் 10. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. பெரும்பாலோர் மதிப்பெண்ணை விடுவது 15 யார்டில். புதுத் துப்பாக்கியை முதல் தடவையாகத் தேர்வன்று எடுத்துப்போகாதீர்கள்.

கேள்வி: 'ஒரே நாள் வகுப்பு, யூட்டா பெர்மிட், நாடு முழுக்க செல்லும்' என்று விளம்பரம் வருகிறது. உண்மையா?
- வாசகர், டென்வர், கொலராடோ

பதில்: பெர்மிட் உண்மை, 'நாடு முழுக்க' பொய். யூட்டா வெளி மாநிலத்தவருக்கும் தருகிறது. ஆனால் 2011 முதல், உங்கள் மாநிலம் யூட்டா பெர்மிட்டை ஏற்கிற மாநிலமாக இருந்தால், முதலில் உங்கள் மாநில லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். புளோரிடா, மிச்சிகன், உங்கள் கொலராடோ மூன்றும், லைசென்ஸ் கொடுத்த மாநிலத்திலேயே வசிப்பவருடையதை மட்டும் ஏற்கின்றன. அதனால் யூட்டா பெர்மிட்டை வைத்துக்கொண்டு டென்வரில் ஒன்றும் செய்ய முடியாது. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய்ஸ் இவை எவருடையதையும் ஏற்பதில்லை. உள்ளூர் ஷெரிஃபிடம் லைசென்ஸ் எடுத்த பிறகு, அடிக்கடி போகும் மாநிலம் ஏதாவது யூட்டாவை ஏற்று உங்களுடையதை ஏற்காமல் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: ஆஸ்டினிலிருந்து சான் ஹோசேக்கு மாறுகிறோம். துப்பாக்கி வருமா, லைசென்ஸ் வருமா?
- வாசகி, ஆஸ்டின், டெக்ஸாஸ்

பதில்: துப்பாக்கி வரலாம், லைசென்ஸ் வராது. கலிபோர்னியாவில் குடியேறிய 60 நாளுக்குள் ஒவ்வொரு துப்பாக்கியையும் மாநில நீதித் துறையில் 19 டாலர் கட்டிப் பதிய வேண்டும். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை ஆஸ்டினிலேயே விட்டுவிடுங்கள். தாக்குதல் ஆயுதம் என்று கலிபோர்னியா வகுத்திருக்கும் ரைஃபிளைப் பதிவு செய்தும் கொண்டுவர முடியாது.

கேரி லைசென்ஸ் நீங்கள் வசிக்கும் கவுண்டி ஷெரிஃபிடம் அல்லது நகர போலீஸிடம். 2024 முதல் குறைந்தது 16 மணி நேர வகுப்பு, 21 வயது, இரண்டு வருட ஆயுள். எந்தத் துப்பாக்கி என்பதையும் லைசென்ஸிலேயே குறிப்பார்கள். வேறொன்றைச் சுமக்க முடியாது. வாடகை வீட்டுக்காரர்கள் இதை மனதில் வையுங்கள்: வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், கவுண்டியே மாறினால் 90 நாளில் லைசென்ஸ் காலாவதி. சான் ஹோசேயில் எடுத்துவிட்டு ஃபிரீமான்ட்டில் வீடு வாங்கினால் சான்டா கிளாராவிலிருந்து அலமீடா கவுண்டிக்குப் போய்விடுகிறீர்கள், மறுபடி முதலிலிருந்து. வீடு வாங்கும் திட்டம் இருந்தால் லைசென்ஸைத் தள்ளிப்போடுவதே லாபம்.

சுருக்கமாகச் சில

சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போகலாமா? கூட்டிப்போகலாம், பார்க்கட்டும். துப்பாக்கியையும் தோட்டாவையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுக்கிறவருக்கும் குற்றம் உண்டு.

கொலராடோவில் கஞ்சா மிட்டாய் சட்டப்படிதானே, கிரீன் கார்டு இருக்கிறது, லைசென்ஸுக்குத் தடையா? மாநிலத்தில் சட்டப்படி, ஃபெடரல் சட்டத்தில் இல்லை. 4473 படிவமே அதைச் சொல்லித்தான் கேட்கிறது. 'ஆம்' என்றால் விற்பனை கிடையாது. பொய்யாக 'இல்லை' என்றால் அது தனிக் குற்றம். கஞ்சா உபயோகத்தை ஒப்புக்கொள்வது கிரீன் கார்டுக்கும் ஆபத்து.

கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் தடை செய்த இடத்துக்குள் துப்பாக்கியோடு போய்ப் பிடிபட்டார். சின்ன அபராதம் கட்டி ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள், கட்டலாமா? கட்டுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்ததற்கோ சுமந்ததற்கோ தண்டிக்கப்பட்டால் அது நாடு கடத்தலுக்குப் போதுமான காரணம்; அபராதம் சிறியதா பெரியதா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. ஒப்புக்கொண்டால் நாடு கடத்தல் வருமா என்று கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று 2010-ல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கேள்வியை அவர் வாய்விட்டே கேட்கட்டும்.

சியாட்டில் வந்து இரண்டு மாதம்தான். விண்ணப்பிக்கலாமா? தாராளமாக. உள்ளூர் போலீஸ் அல்லது கவுண்டி ஷெரிஃபிடம் கைரேகையும் கிரீன் கார்டும் கொண்டுபோங்கள். வழக்கமாக 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாஷிங்டன் டிரைவிங் லைசென்ஸ் இன்னும் வாங்காதவருக்கும், தொடர்ந்து 90 நாள் அந்த மாநிலத்தில் வசித்திராதவருக்கும் 60 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள்.